பூவும் காயும் இல்லாத நேரத்தில் இலையை வைத்து மரத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

கோப்பாய் வளவு:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையம் கோவில் வெளிவீதியிலும் கேணியடியிலும் நிற்கிற மரங்களுக்குப் பெயர்ப்பலகை வைக்க முடிவெடுத்து, பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறது. வேம்பு, அரசு, புளி, இலுப்பை, கொன்றை, வில்வம் எல்லாம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் நான்கு மரங்களுக்கு ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். இப்போது ஒன்றிலும் பூவும் இல்லை, காயும் இல்லை. போனில் உள்ள செயலியில் படத்தைப் போட்டால் காலையில் ஒரு பெயர் வருகிறது, மத்தியானம் வேறு பெயர் வருகிறது. பலகையில் பிழையான பெயரை எழுதிவிட்டால் இருபது வருடம் அதையே பிள்ளைகள் படிப்பார்கள் என்பதுதான் என் கவலை.

தேர்முட்டியடி மரத்தில் வேப்பிலை மாதிரி நீளக் காம்பில் இரண்டு பக்கமும் சின்ன இலைகள். வேப்பிலையின் பல்விளிம்பு மட்டும் இல்லை. மடத்தடி மரத்தில் ஓரிடத்திலிருந்து ஆறு ஏழு இலை சுற்றிவர நிற்கிறது. கேணிக்கரை மரம் நல்ல உயரம், வெளிறிய வழுவழுப்பான பட்டை, நீள்வட்ட இலை. வடக்கு வாசலில் நிற்பதற்குத் தடித்த சின்ன இலை, நுனியில் ஒரு பிளவு. இலையை மட்டும் வைத்துப் பெயர் சொல்ல வழி உண்டா?

பொட்டனி ரீச்சர்:
தம்பி, நல்ல வேலை எடுத்திருக்கிறீர்கள். வழி உண்டு. நாலு மரத்துக்கும் நீங்கள் முதலில் சொன்னது இலையின் வடிவத்தை. எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். நான் வகுப்பில் எப்போதும் சொல்வது, இலையின் முகத்தைப் பார்க்க முதல் அது கொப்போடு சேரும் மூட்டைப் பாருங்கள் என்று. வடிவம் மரத்தின் வயதோடு மாறும், நிழலிலும் வெயிலிலும் மாறும், வெட்டித் துளிர்த்தாலும் மாறும். மூட்டில் உள்ள ஒழுங்கு அவ்வளவு சுலபமாக மாறாது.

வீதியில் வேம்பு நிற்கிறது என்றீர்களே, அதிலேயே பழகுங்கள். எட்டுகிற ஒரு கொப்பின் நுனியைப் பிடியுங்கள். வேப்பிலை என்று நாம் கிள்ளுகிற, பல்விளிம்புள்ள அந்தச் சின்னப் பச்சை ஒரு மெல்லிய காம்பில் ஒட்டியிருக்கும். ஒட்டிய மூலையில் அரும்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருக்காது. அந்த மெல்லிய காம்பைப் பிடித்துக்கொண்டே கீழே வாருங்கள். அது கொப்பில் சேரும் இடத்தில் அடி கொஞ்சம் பருத்திருக்கும். அதற்கு மேல்மூலையில், நகத்தால் தொட்டால் தட்டுப்படுகிற அளவில், ஒரு அரும்பு இருக்கும். பாடப் புத்தகத்தில் கக்கவரும்பு என்று படித்திருப்பீர்கள். அரும்பு இருக்கிற மூலையிலிருந்து நுனி வரை உள்ளது எல்லாம் சேர்ந்துதான் ஒரு இலை. வேம்பில் அது 20 முதல் 40 சென்ரிமீற்றர் நீளம் வரும். நாம் கிள்ளுவது அதன் இருபது முப்பது சிற்றிலைகளில் ஒன்று.

இது தெரிந்துவிட்டால் தனியிலையா கூட்டிலையா என்ற கேள்வி முடிந்தது. அடுத்தது, முழு இலைகள் கொப்பில் எப்படி அமைந்திருக்கின்றன என்பது. ஒரு கணுவுக்கு ஒரு இலை என்றால் ஒன்றுவிட்ட ஒழுங்கு: மா, பலா, பூவரசு, அரசு, வேம்பு. ஒரு கணுவில் இரண்டு நேருக்கு நேர் என்றால் எதிரொழுங்கு: நாவல், கொய்யா, தேக்கு, நுணா, எருக்கலை. மூன்றோ அதற்கு மேலோ என்றால் சுற்றொழுங்கு. அலரியில் மூன்று மூன்றாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

தனி இலையைப் பிடுங்கிப் படம் எடுக்க வேண்டாம். ஒரு முழம் நீளக் குழையாக முறித்து வெள்ளைக் கடதாசியில் வைத்து, மேற்பக்கம், கீழ்ப்பக்கம், மூட்டு மூன்றையும் தனித்தனியே எடுத்துப் போடுங்கள். செயலி தடுமாறுவதற்கும் காரணம் இதுதான். நீங்கள் சிற்றிலையை மட்டும் காட்டினால் அது இலை என்று நினைத்துத்தான் பதில் சொல்லும்.

காரைநகர் ஆட்டுப்பட்டி:
ரீச்சர் சொன்ன மூட்டோடு நான் இரண்டு விஷயம் சேர்க்கிறேன். ஆட்டுக்குக் குழை வெட்டுகிறவனுக்குக் கண்ணை விடக் கையும் மூக்கும்தான் முதலில் சொல்லும். காம்பைக் கிள்ளிப் பால் வருகிறதா பாருங்கள். பிறகு இலையைக் கசக்கி மணந்து பாருங்கள்.

அரசையும் பூவரசையும் கொஞ்சம் தூரத்தில் கன்றாகப் பார்த்தால் பலர் மாறிச் சொல்வார்கள். இரண்டும் அடியில் பிளந்த அகல இலை, இரண்டும் நீளக் காம்பு, இரண்டும் ஒன்றுவிட்டு வரும். அரசின் காம்பைக் கிள்ளினால் வெள்ளையாகப் பால் வரும், இலை நுனி வால் நீட்டியிருக்கும். பூவரசங் காம்பில் பால் வராது, வாலும் இல்லை. கிளுவையைக் கசக்கினால் ஒரு பிசின் வாசம் வரும், கிளிசிரியாவுக்கு வேறு மாதிரிப் பச்சை நாற்றம். கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். களப்புக் கரைப் பக்கம் போனால் இந்தப் பால் பார்க்கிற வேலையை யோசித்துச் செய்யுங்கள். தில்லை மரத்துப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தெரியாத மரத்தைக் கிள்ளிவிட்டுக் கையால் முகம் துடைக்கக் கூடாது.

அப்படியே ரீச்சரிடம் ஒரு கேள்வி. எங்கள் ஊர்க் கசூரினாக் கடற்கரையில் சவுக்கு வரிசையாக நிற்கிறது. அதற்கு இலை எங்கே?

பொட்டனி ரீச்சர்:
அதே முறையில் பாருங்கள் தம்பி. சவுக்கின் தொங்குகிற பச்சை ஊசி ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக இழுங்கள். மூட்டு மூட்டாகக் கழன்று வரும். கழன்ற மூட்டின் விளிம்பில் மிகச் சிறிய பற்கள் வட்டமாக நிற்கும், ஒரு வட்டத்தில் ஆறு முதல் எட்டு வரை. அந்தப் பற்கள்தான் இலைகள். ஊசி என்று நாம் நினைப்பது பச்சைத் தண்டு. உணவு தயாரிக்கிற வேலையைத் தண்டே செய்கிறது. உப்புக் காற்றிலும் மணலிலும் நிற்கிற மரத்துக்கு அகன்ற இலை வைத்து நீரை இழப்பது கட்டாது. ஆகவே சவுக்கு சுற்றொழுங்கு மரம். கடற்கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் இதை ஒருதரம் கழற்றிக் காட்டுங்கள், மறக்கவே மாட்டார்கள்.

நீங்கள் சொன்ன அரசு பூவரசுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. அரசு, ஆல், அத்தி, பலா, ஈரப்பலா எல்லாம் ஒரே குடும்பம். இவற்றின் கொப்பு நுனியில் இளம் இலையை ஒரு உறை மூடியிருக்கும், அது இலையடிச்செதில். இலை விரியும்போது உறை விழுந்துவிடும், விழுந்த இடத்தில் கொப்பைச் சுற்றி ஒரு வளையத் தழும்பு நிற்கும். பலா நுனியில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். பாலும் வளையத் தழும்பும் சேர்ந்து இருந்தால் ஆலமரத்துச் சொந்தம் என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம்.

வைத்தியர் பேரன்:
ரீச்சர், வணக்கம். அம்மப்பா சித்த வைத்தியர், அதனால் மூலிகைகளோடு வளர்ந்தவன். உங்கள் அரும்புக் கணக்கில் எனக்கு ஒரு சந்தேகம். நெல்லி, புளி இரண்டுக்கும் ஒரே மாதிரி மெல்லிய காம்பில் இரண்டு பக்கமும் பொடி இலைகள். இரண்டையும் கூட்டிலை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு இடத்தில் நெல்லிக்குத் தனியிலை என்று எழுதியிருந்ததைப் படித்தேன். கண்ணால் பார்க்க அப்படி இல்லையே?

பொட்டனி ரீச்சர்:
இந்தக் கேள்விக்காகவே இந்த இழை தொடங்கியிருக்கலாம்! நெல்லியில் இருப்பது தனியிலைதான். நீங்கள் மூலிகை தெரிந்தவர், கீழ்க்காய்நெல்லியை நினைத்துப் பாருங்கள். அதன் காய் எங்கே இருக்கிறது? மெல்லிய காம்பின் கீழ்ப்பக்கம், ஒவ்வொரு பொடி இலையின் அடியிலும் ஒன்று, வரிசையாகத் தொங்கும். சாதாரணமாகப் பூ வருவது இலை தண்டோடு சேர்கிற மூலையில். ஒரு கூட்டிலையின் சிற்றிலைகளுக்கு இடையில் பூ வராது. ஆகவே ஒவ்வொரு பொடி இலையின் மூலையிலும் பூவும் காயும் வருகிறது என்றால் அந்தப் பொடி ஒவ்வொன்றும் ஒரு முழு இலை, அவற்றைத் தாங்குகிற மெல்லிய காம்பு ஒரு சிறு கொப்பு. பெரிய நெல்லி மரமும் அப்படியே. பூக்கும் காலத்தில் அந்த மெல்லிய கொப்பின் ஓரமாக மஞ்சள் பச்சைப் பொடிப்பூக்கள் இலை மூலைகளில் நிற்கும்.

குழப்பம் வருவதற்கு நியாயம் உண்டு. நெல்லியின் அந்தச் சிறு கொப்புகள் முற்றி நிலைப்பதில்லை, ஒரு இலை உதிர்வது போல முழுதாக உதிர்ந்துவிடும். புளிக்கு வாருங்கள். புளியில் 10 முதல் 20 சோடிச் சிற்றிலைகள், கடைசியில் தனிச் சிற்றிலை இல்லாமல் சோடியாகவே முடியும். அவற்றின் மூலையில் ஒருபோதும் பூ வராது. பூங்கொத்து வருவது முழு இலையின் அடியிலும் கொப்பு நுனியிலும்தான்.

வைத்தியர் பேரன்:
கீழ்க்காய்நெல்லியைச் சின்ன வயதிலிருந்து பிடுங்குகிறேன், காய் வரிசையாக நிற்பதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அதற்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருப்பது இப்போதுதான் புரிகிறது. நன்றி ரீச்சர். புளியைப் பற்றி ஒன்று நான் சொல்கிறேன்: பொழுதுபட்ட பிறகு படம் எடுக்காதீர்கள். சிற்றிலைகள் சோடி சோடியாக மூடிவிடும், இலை பாதி அளவாகத் தெரியும். வாகையும் அப்படித்தான்.

ரொறன்ரோ வேம்பு:
நான் நல்லூரில் பிறந்து இங்கே வந்தவள். இங்கே மரம் பார்க்கிற குழு ஒன்றோடு போவதுண்டு. முதல் நாளே சொல்லித்தந்தது எதிரிலையா என்று பார்க்கத்தான். மேப்பிள், ஆஷ், டொக்வுட், குதிரைச் செஸ்நட் என்று ஒரு கைப்பிடி மரங்களில்தான் எதிரிலை. அது கண்ணில் பட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். ஊர் மரங்களுக்கும் இந்தச் சுலப வழி செல்லுமா அக்கா?

பொட்டனி ரீச்சர்:
தங்கச்சி, வழி செல்லும், ஆனால் பாதி வேலை அதோடு முடியாது. குளிர் நாட்டில் மர வகைகள் குறைவு. எங்கள் பக்கம் எதிரிலை மரங்கள் பல குடும்பங்களில் உண்டு. நாவலும் கொய்யாவும் ஒரு குடும்பம், நுணா காப்பிக் குடும்பம், தேக்கும் நொச்சியும் இன்னொன்று, காயா வேறொன்று, கடலோரக் கண்டல் வேறொன்று. எதிரிலை என்று கண்டதும் இரண்டாவது தரம் பார்க்க வேண்டும்.

நாவல் இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பக்க நரம்புகள் நெருக்கமாக ஓடி, விளிம்புக்குச் சற்று உள்ளே விளிம்போடு கூடவே போகிற ஒரு நரம்பில் போய்ச் சேரும். கசக்கினால் வாசம் உண்டு. நுணாவில் பார்க்க வேண்டியது எதிரெதிரான இரண்டு காம்புகளுக்கும் இடையில். அங்கே கொப்பின் மேல் சின்ன முக்கோணச் செதில் ஒன்று இரண்டு காம்பையும் தொடுத்து நிற்கும். செதில் விழுந்திருந்தாலும் குறுக்கே ஒரு கோடு இருக்கும். வீட்டு முற்றத்து வெட்சியிலும் இதே செதில்தான், காப்பிக் குடும்பத்தின் முத்திரை அது. தேக்கில் இளங்கொப்பைத் தடவிப் பாருங்கள், நாலு பக்கமாக இருக்கும். தளிரைக் கசக்கினால் விரல் சிவக்கும். நொச்சியில் எதிரெதிராக நிற்பது கூட்டிலைகள், ஒவ்வொன்றிலும் மூன்று அல்லது ஐந்து சிற்றிலை.

எதிரிலைச் சோடிகள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று குறுக்காக ஏறும். எருக்கலைக் கொப்பை நுனியிலிருந்து கீழே பார்த்தால் சிலுவையாகத் தெரியும். ஒன்றுவிட்ட ஒழுங்கிலும் கணக்கு உண்டு. அன்னமுன்னாவில் இலைகள் இடம் வலம் என்று இரண்டே வரிசை. செவ்வரத்தையில் ஒரு இலையில் தொடங்கிக் கொப்பைச் சுற்றி எண்ணிக்கொண்டு போனால் ஆறாவது இலை முதலாவதற்கு நேர் மேலே வரும். அதற்குள் நீங்கள் கொப்பை இரண்டு தரம் சுற்றியிருப்பீர்கள். கொப்பு முறுகியிருந்தால் கணக்குப் பிசகும், நேரான இளங்கொப்பில் நூல் சுற்றிப் பாருங்கள்.

கோப்பாய் வளவு:
ரீச்சர், இன்று பின்னேரம் வாசிகசாலைப் பிள்ளைகள் சிலரோடு போய் நாலு மரத்திலும் குழை எடுத்தோம்.

தேர்முட்டியடி மரம்: அரும்பு நீளக் காம்பின் அடியில்தான் இருக்கிறது, ஆகவே கூட்டிலை. சிற்றிலைகள் வேப்பிலையை விட நன்றாகச் சின்னவை, ஒரு பக்கத்துக்கே பத்துப் பன்னிரண்டுக்கு மேல். நுனி மழுங்கல். ஒவ்வொரு சிற்றிலையிலும் நடுநரம்புக்கு ஒரு பக்கம் அகலம், மற்றப் பக்கம் ஒடுக்கம். கசக்கினால் நல்ல வாசம்.

மடத்தடி மரம்: கிள்ளியதும் பால் வழிந்தது. சுற்றி நிற்கிற ஏழு இலையும் ஒரே காம்பிலா தனித்தனியாகவா என்று பிள்ளைகளுக்குள் ஒரே வாக்குவாதம். ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தோம். ஒவ்வொன்றும் கொப்பிலிருந்தே புறப்படுகிறது.

கேணிக்கரை மரத்தில் சில சோடிகள் நேருக்கு நேர், சில சோடிகளில் ஒன்று விரற்கடை ஏறி நிற்கிறது. இதை எதில் சேர்ப்பது?

மரக்காலைத் தம்பி:
முதலாவது மரத்தின் சிற்றிலை ஒன்றை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள் அண்ணா. ஊசியால் குத்தினது போல் வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் அது முதிரை. வன்னிக் காட்டு மரம். மரக்காலையில் எங்களுக்குப் பலகையாகத்தான் அதிகம் பழக்கம், அறுத்தால் பட்டு மாதிரி மினுங்கும். கோவிலடியில் யாரோ விரும்பி வைத்திருக்க வேண்டும். ஒரு பக்கம் அகன்ற சிற்றிலை, மழுங்கிய நுனி, வாசம் எல்லாம் பொருந்துகிறது.

கோப்பாய் வளவு:
தம்பி, புள்ளி இருக்கிறது! விளிம்பு வரை பொடிப்பொடியாக வெளிச்சம் தெரிகிறது. பிள்ளைகள் வீதியில் உள்ள எல்லா இலையையும் சூரியனுக்குப் பிடித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். வில்வத்திலும் அதே புள்ளிகள் தெரிகின்றன என்று ஒரு பிள்ளை ஓடிவந்து சொன்னாள்.

பொட்டனி ரீச்சர்:
அந்தப் பிள்ளையின் பெயரைக் குறித்துவையுங்கள், நன்றாகப் படிக்கப்போகிறாள். முதிரை, வில்வம், விளாத்தி, கறிவேப்பிலை, தேசி, தோடை எல்லாம் ஒரே குடும்பம். அந்தப் புள்ளிகள் எண்ணெய்ச் சுரப்பிகள். கறிவேப்பிலையின் வாசமும் தேசி இலையின் வாசமும் அவற்றில் இருந்துதான் வருகிறது.

இலை எப்படி மாறிப்போகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல குடும்பம் இல்லை. முதிரையிலும் கறிவேப்பிலையிலும் சிற்றிலைகள் நிறைய. விளாத்தியில் ஐந்து ஏழு என்று குறையும், சிற்றிலைகளுக்கு இடையில் உள்ள நடுக்காம்பு இரண்டு பக்கமும் பச்சையாக அகன்றிருக்கும். வில்வத்தில் மூன்று, நடுச் சிற்றிலைக்கு மட்டும் நீளக் காம்பு. பிறகு தேசிக்கு வாருங்கள். ஒரே ஒரு பரப்பு, பார்த்தவுடன் தனியிலை என்றுதான் சொல்லத் தோன்றும். காம்பைக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். அதன் இரண்டு பக்கமும் ஒடுங்கிய பச்சைச் சிறகு. காம்பும் இலைப்பரப்பும் சேருகிற இடத்தில் ஒரு மூட்டுக் கோடு. முற்றின இலையில் அந்தக் கோட்டில் மெதுவாக வளைத்தால் அங்கேயே சுத்தமாகக் கழன்று வரும். மா இலையை வளைத்தால் அப்படிக் கழலாது, கிழியும். தேசியின் இலை, ஒரே ஒரு சிற்றிலை மட்டும் மிஞ்சி நிற்கிற கூட்டிலை. மூட்டைப் பார்க்காமல் முகத்தை மட்டும் பார்த்தால் இது தெரிய வழியே இல்லை.

மடத்தடி மரம் ஏழிலைப்பாலை. பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்ததுதான் சரியான சோதனை. இலவம் பஞ்சு மரத்தைத் தூரத்தில் பார்த்தால் இதே மாதிரிச் சுற்றிவரத் தெரியும், ஆனால் அதில் ஐந்து ஏழு சிற்றிலையும் ஒரே நீளக் காம்பின் உச்சியில் நிற்கும், அரும்பு காம்பின் அடியில் இருக்கும், பால் வராது. ஏழிலைப்பாலையில் எப்போதும் ஏழுதான் என்று பலகையில் எழுதிவிடாதீர்கள். ஒரே மரத்தில் நாலும் இருக்கும், ஏழும் இருக்கும்.

நெடுந்தீவான்:
இலவம் பற்றிப் பேசுவதால் எங்கள் தீவுப் பெருக்கமரத்தையும் சொல்லிவைக்கிறேன். அதற்கும் அதே அமைப்பு, காம்பின் உச்சியில் ஐந்து ஏழு சிற்றிலைகள். வருகிறவர்கள் பெரும்பாலும் இலை இல்லாத காலத்தில் வந்து அடிமரத்தைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மழைக்குப் பிறகு வந்தால் இலையையும் பார்க்கலாம். இதன் கன்றை நான் வளர்த்துப் பார்த்தேன், முதலில் வந்தது எல்லாம் தனியிலை. வேறு ஏதோ முளைத்துவிட்டது என்று பிடுங்கப்போனேன், வீட்டார் மறித்தார்கள். கொஞ்சக் காலம் போகத்தான் விரல் விரித்த இலை வந்தது.

பொட்டனி ரீச்சர்:
கன்றுகளை வைத்துப் பெயர் சொல்வது மிகவும் கவனமாகச் செய்ய வேண்டியது. பலாக்கன்றின் இலை சில வேளை மூன்று மடலாகப் பிளந்திருக்கும், அதைப் பார்த்து ஈரப்பலா என்று வாங்கிப்போகிறவர்கள் உண்டு. அக்கேசியாவின் விதை முளைத்ததும் வருவது வாகையைப் போல இரண்டுதரம் பிரிந்த கூட்டிலை. பிறகு வருகிறவற்றில் காம்பு தட்டையாக அகன்றுகொண்டே போகும், சிற்றிலைகள் குறைந்துகொண்டே போகும். வளர்ந்த மரத்தில் நாம் இலை என்று பார்க்கிற அந்த வளைந்த நீளப் பச்சை முழுக்க முழுக்கக் காம்பு. நாற்றுமேடையில் ஒரே கன்றில் இரண்டும் சேர்ந்து நிற்கிற நாட்கள் உண்டு.

ஒழுங்கு மாறாது என்று நான் சொன்னதற்கும் விலக்கு உண்டு. யூக்கலிப்டஸ் இனங்கள் பலவற்றில் இளம் இலை எதிரெதிராக வரும், வளர்ந்த மரத்தில் ஒன்றுவிட்டு வரும்.

கேணிக்கரை மரத்துக்கு வருகிறேன். சில சோடி நேராக, சில சோடி ஏறி இறங்கி என்றீர்கள். அப்படித் திடமில்லாத எதிரொழுங்கே ஒரு அடையாளம்தான். காம்பு இலைப்பரப்பைத் தொடுகிற இடத்தில், கீழ்ப்பக்கமாகவோ ஓரமாகவோ, இரண்டு சின்னப் பருக்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மரத்தடியில் பழைய காய் ஏதும் கிடந்தால் அதையும் எடுத்துவாருங்கள்.

கோப்பாய் வளவு:
பருக்கள் இருக்கின்றன ரீச்சர், கைவிரலால் தடவவே தெரிகிறது. சில இலைகளில் ஒன்றுதான். கேணிப்படியில் காய்ந்த காய் ஒன்று கிடந்தது, நீளவாக்கில் ஐந்து சிறகு.

பொட்டனி ரீச்சர்:
மருது. சந்தேகமே இல்லை. நீர்க்கரையில் நிற்பதும், பட்டை தகடு தகடாகக் கழன்று வழுவழுப்பாக இருப்பதும், அந்த ஐந்து சிறகுக் காயும் எல்லாம் ஒரே மரத்தையே சொல்கின்றன.

மரக்காலைத் தம்பி:
வடக்கு வாசல் மரத்துக்கு நான் சொல்லட்டுமா? தடித்த சின்ன இலை, நுனியில் பிளவு. கிள்ளினால் பால் வருமென்றால், இலைகள் கொப்பு நுனியில் கூட்டமாக ஒன்றுவிட்டு நிற்குமென்றால், அது பாலை. வன்னியில் இருந்து பாலைப்பழம் வரும்போது எல்லோரும் வாங்கித் தின்போம், மரத்தைக் கண்டால் ஆளைத் தெரியாது. வீதியில் நிற்கிற இலுப்பையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், இரண்டும் ஒரே குடும்பம். இலுப்பையிலும் பால் உண்டு, இலை நுனியில் கூட்டமாகத்தான் நிற்கும், ஆனால் இலை நீளம், நுனி கூர். பாலையில் அடி ஒடுங்கி, மேல்பாதி அகன்று, உச்சியில் உள்ளே வெட்டியிருக்கும்.

கோப்பாய் வளவு:
பால் வருகிறது, கூட்டமாகத்தான் நிற்கிறது. ஊரில் இதை மூன்று பேர் மூன்று பெயரில் சொன்னார்கள், பாலை என்று ஒருவரும் சொல்லவில்லை.

நிலையத்தில் பேசினேன். பெயரோடு இலை அடையாளத்தையும் இரண்டு வரியில் எழுதச் சம்மதித்துவிட்டார்கள். இதுவரை எழுதியது: “புளி. கூட்டிலை, 10 முதல் 20 சோடிச் சிற்றிலை. நுனியில் தனிச் சிற்றிலை இல்லை. மாலையில் மூடும்.” “வில்வம். மூன்று சிற்றிலை, நடுவில் உள்ளதற்கு நீளக் காம்பு. வெளிச்சத்தில் புள்ளி தெரியும்.” “வேம்பு. கூட்டிலை, பல்விளிம்பு. நுனியில் தனிச் சிற்றிலை உண்டு.” “அரசு. ஒன்றுவிட்ட தனியிலை, நுனியில் வால்.”

பொட்டனி ரீச்சர்:
மிக நன்று. வேம்பில் நுனிச் சிற்றிலை வரியை எடுத்துவிடுங்கள். ஒரே கொப்பில் சில இலையில் இருக்கும், சில இலையில் இருக்காது. பிள்ளை இல்லாத இலையைப் பிடித்துக்கொண்டு பலகையோடு சண்டைக்கு வரும். அதற்குப் பதிலாக, சிற்றிலையின் அடி இரண்டு பக்கமும் சமமாக இல்லை என்று எழுதுங்கள், அது எல்லாவற்றிலும் தெரியும். அரசில் வளையத் தழும்பையும் சேருங்கள். பால் என்று எழுத வேண்டாம், வருகிற பிள்ளைகள் எல்லோரும் கிள்ளத் தொடங்கினால் எட்டுகிற கொப்பில் இலை மிஞ்சாது. பலகையை மரத்தில் ஆணி வைத்து அடிக்காதீர்கள், பக்கத்தில் கம்பு நட்டுக் கட்டுங்கள்.

காரைநகர் ஆட்டுப்பட்டி:
கம்பு என்றதும் பூவரசங் கதியாலை வெட்டி நட்டுவிடாதீர்கள் அண்ணா, கிளுவையும் வேண்டாம். மாரி மழை ஒன்று போதும், துளிர்த்துப் பலகையை மூடிவிடும். இரும்புக் குழாயாகப் பாருங்கள்.